பாஃப்டா வென்ற 'வெண்பா': ஒன்றரை மணி நேர கேமில் அப்படி என்ன இருக்கு?
1988-ல் கனடாவில் வாழத் தொடங்கும் தமிழ்த் தம்பதி வெண்பா, பாவலன். அம்மாவின் கிழிந்துபோன சமையல் குறிப்பேட்டை வைத்து இட்லி, புட்டு செய்வதுதான் விளையாட்டே! டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட இது, 2024-ல் சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருதை வென்றது.

விமர்சகர்கள் சொன்ன குறை என்ன?

சீக்கிரம் முடிஞ்சுடுது, புதிர்களும் சுலபம் என்றார்கள். நியாயம்தான். ஆனா பாராட்டை அள்ளியது வேறு: தமிழ் பேசத் தயங்கும் மகன் கவினுக்கும் அம்மாவுக்கும் நடுவே விழும் இடைவெளி. தமிழ், தெலுங்கு, கன்னடம் கலந்து புழங்கும் ஓசூரில், வீட்டில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பிள்ளையை வளர்ப்பவர்களுக்கு இது கனடா கதையாகவே தெரியாது.

கணினியிலும் கேம் கன்சோல்களிலும் விளையாடலாம்.