சட்டம் பேசுவோம்: வேனை வீடாக்கி விற்கலாமா?

“என் கணவரும் கொழுந்தனாரும் பழைய வேன் ஒன்றை வாங்கி, கட்டில், சமையல் மேடை, கழிவறை எல்லாம் வைத்து கேம்பர் வேனாக்கி விற்கப்போகிறார்கள். நன்றாகப் போனால் இதையே தொழிலாக்கும் எண்ணம். என் நகையை அடகு வைத்துத்தான் முதலீடு. சட்டச் சிக்கல் வருமா?”
– ஈரோடு வாசகி

முறைப்படி செய்யாவிட்டால் நிச்சயம் வரும், சகோதரி.

முதலில் ஆர்.சி. புத்தகம். தயாரித்த நிறுவனம் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. சீட்டைக் கழற்றிக் கட்டில் போட்டாலே சீட் எண்ணிக்கை மாறிவிடும், எடையும் மாறும். மோட்டார் கேரவன்களுக்கென்றே ஏ.ஐ.எஸ்-124 என்ற தர விதி இருக்கிறது. எனவே, நகையைத் தொடும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்து, எழுத்துபூர்வமாக அனுமதி வாங்கச் சொல்லுங்கள்.

சொந்த உபயோகத்துக்காக அனுமதியின்றி மாற்றினால், 6 மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். தொழிலாகச் செய்தால் தண்டனை கூடும். பாடி கட்டுபவரையும் வண்டி பழுதுபார்ப்பவரையும்கூட சட்டம் ‘டீலர்’ என்றே கருதுகிறது. விதியை மீறிய வண்டியை விற்கும் டீலருக்கு ஓராண்டு வரை சிறை அல்லது வண்டிக்கு 1 லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

விற்றதோடு பொறுப்பு தீர்ந்துவிடாது. நீங்கள் போட்ட வயரிங்கில் தீப்பிடித்தோ, கேஸ் கசிந்தோ வாங்கியவருக்குப் பாதிப்பு ஏற்பட்டால், 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நஷ்ட ஈடு கேட்கலாம். பொருளில் மாற்றம் செய்து, அந்த மாற்றமே பாதிப்புக்கு முக்கியக் காரணமாக இருந்தால் விற்றவரும் பொறுப்பு. “பார்த்துத்தானே வாங்கினார்” என்று மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது. வயரிங், கேஸ் இணைப்பு வேலைகளைத் தகுதியானவரிடம் கொடுத்து, பில்களையும் போட்டோக்களையும் பத்திரப்படுத்துங்கள். எதை எப்படிப் பயன்படுத்த வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்பதை எழுதிக்கொடுத்து, வாங்குபவரிடம் கையெழுத்து பெறுங்கள். மாற்றத்தை இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள். மறைத்தால், விபத்து நேரத்தில் க்ளெய்ம் மறுக்கப்படலாம்.

பணம் கைக்கு வந்ததும் பலரும் மறப்பது பெயர் மாற்றத்தை. மாநிலத்துக்குள் விற்றால் 14 நாள்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தகவல் தர வேண்டும். ஆர்.சி-யில் யார் பெயர் இருக்கிறதோ, விபத்து நஷ்ட ஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பெயர் மாறிய ஆர்.சி-யின் நகலைக் கையில் வாங்கிய பிறகே விற்பனை முடிந்ததாகக் கணக்கில் எழுதுங்கள்.