தாடி டிரிம்மர்: விலையை ஆண்டுக்கணக்கில் பார்ப்போம்

வங்கியின் இதழில் தாடி டிரிம்மரைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர்கள் சிலர் வியக்கக்கூடும். வீட்டுக்கடனும் வைப்புநிதியும் ஓய்வூதியமும் பேசப்படும் பக்கங்களில் இச்சிறு கருவிக்கு என்ன வேலை என்ற கேள்வி நியாயமானதே. ஆயினும் குடும்பத்தின் பணம் பெரிய செலவுகளில் மட்டும் கரைவதில்லை. வீடு வாங்கும்போது நான்கு பேரைக் கேட்கிறோம். பத்திரத்தை வழக்கறிஞரிடம் காட்டுகிறோம். 700 ரூபாய்ப் பொருளுக்கு அத்தகைய விசாரணை எதுவும் நடப்பதில்லை. வாங்குகிறோம், ஓராண்டில் இழுப்பறையின் மூலையில் போடுகிறோம், மீண்டும் வாங்குகிறோம். இவ்வழக்கம் பத்துப் பொருள்களில் தொடருமானால் சேமிப்பில் ஓட்டை விழுவதற்கு அதுவே போதும்.

எளிதில் எரிச்சல் கொள்ளும் தோலுடையவர்களுக்கு இதில் இழப்பு இரட்டிப்பு. பணத்தோடு முகமும் புண்படுகிறது. அவர்களை முன்னிறுத்தி நாம் சொல்ல விரும்புவது இதுதான்: தோலுக்கு இதமான டிரிம்மர், நெடுநாள் உழைக்கும் டிரிம்மர் என்று இரண்டைத் தனித்தனியே தேட வேண்டியதில்லை. ஒரே கேள்விகளைக் கேட்டு இரண்டையும் ஒரே பொருளில் பெறலாம்.

தோலின் பக்கத்திலிருந்து தொடங்குவோம். சவரக்கத்தி முடியைத் தோலின் மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழேயோ வெட்டுகிறது. சுருண்டு வளரும் இயல்புள்ள முடியாயின், வெட்டுப்பட்ட கூர்முனை வளைந்து மீண்டும் தோலுக்குள் நுழைந்துவிடுகிறது. உடல் அதனை அயற்பொருளாகக் கருதி எதிர்க்க, சிவந்த புடைப்புகள் தோன்றுகின்றன. மருத்துவர்கள் இதனைச் 'சூடோஃபாலிகுலைட்டிஸ் பார்பே' என்பர். நம் நாட்டில் பெரும்பாலோருக்குரிய மாநிறத் தோலிலும் கருநிறத் தோலிலும் இப்புடைப்புகள் ஆறிய பின்னும் கரும்புள்ளிகள் பல மாதங்கள் தங்கிவிடக்கூடும். முடியைத் தோலோடு ஒட்ட வெட்டாமல் சிறிதளவு நீளம் விட்டு வெட்டுவதே இதற்கு மருத்துவர்கள் கூறும் முதன்மையான வழிகளுள் ஒன்று. டிரிம்மர் செய்யும் வேலை அதுவே.

ஆகவே இத்தகைய தோலுடையவருக்கு டிரிம்மர் ஒப்பனைப் பொருள் அன்று. நட்சத்திர விடுதியின் வரவேற்பு மேசையிலும், பாதுகாப்புப் பணியிலும், விற்பனைக் கூடத்திலும் நிற்கும் இளைஞருக்கு முகம் பணியின் ஒரு பகுதி. நாள்தோறும் மழுங்கச் சவரம் செய்து வரவேண்டும் என்ற விதியால் புண்ணாகும் முகத்தோடு அவர் வேலை செய்கிறார். அப்புண்ணையே அசுத்தம் என்று கருதுவோரும் உண்டு. ஒரு மில்லிமீட்டர் தாடியை ஒழுங்கீனமாக எண்ணாதிருப்பது நிறுவனங்கள் காட்டக்கூடிய செலவில்லாத பரிவு. அப்பரிவு கிடைத்த இடத்தில், அந்த ஒரு மில்லிமீட்டரைச் சீராக வைத்துக்கொள்ள நல்ல கருவி வேண்டும்.

இனி உழைப்பின் பக்கம் வருவோம். பிளேடு மழுங்கினால் முடியை வெட்டாமல் பற்றி இழுக்கிறது. இழுபடும் வலியால் நாம் கருவியை அழுத்துகிறோம். ஒரே இடத்தில் மூன்று நான்கு முறை ஓட்டுகிறோம். உராய்வும் சூடும் மிகுந்து தோல் சிவக்கிறது. பேட்டரி தளர்ந்தாலும் இதே கதைதான்: மோட்டாரின் வேகம் குறைகிறது, பிளேடு முடியில் சிக்குகிறது, தோல் இழுபடுகிறது. வெட்டுத் தலையைக் கழற்றிக் கழுவ இயலாத கருவியில் முடித்துகளும் தோலின் எண்ணெயும் தங்கிக் கிருமிகளுக்கு இடமளிக்கின்றன. அதே அடைசல் மோட்டாரையும் திணறச் செய்கிறது. கருவியின் ஒவ்வொரு தேய்மானமும் முதலில் முகத்தில்தான் தெரிகிறது. நீடித்து உழைக்கும் கருவியே இதமான கருவி என்று நாம் கூறுவதன் காரணம் இதுவே.

இதிலிருந்து கடையில் கேட்கவேண்டிய முதற் கேள்வி பிறக்கிறது: இக்கருவிக்கு மாற்றுப் பிளேடு தனியே கிடைக்குமா, அதன் விலை என்ன? விற்பனையாளர் தயங்கினால் அங்கேயே விடை கிடைத்துவிட்டது. பிளேடு என்றேனும் மழுங்கியே தீரும். மாற்றுப் பிளேடு இல்லாத கருவி, பிளேடு மழுங்கும் நாளோடு தன் ஆயுளை முடித்துக்கொள்கிறது.

பிளேடு எதனால் ஆனது என்பதும் கவனிக்கத்தக்கது. துருப்பிடிக்காத எஃகு பெரும்பாலோருக்குப் போதும். கைக்கடிகாரத்தின் கொக்கியோ இடுப்பு வாரின் உலோகமோ பட்ட இடத்தில் அரிப்பு ஏற்படும் பழக்கமுடையவர்களுக்கு நிக்கல் ஒவ்வாமை இருக்கக்கூடும். அவர்கள் தோல் மருத்துவரைக் கலந்துகொண்டு பீங்கான் பிளேடுள்ள கருவியைப் பரிசீலிக்கலாம். பீங்கான் துருப்பிடிக்காது, கூர்மையும் நெடுநாள் நிற்கும். ஆனால் கைதவறித் தரையில் விழுந்தால் உடைந்துபோகலாம். டைட்டானியம் என்று பெட்டியில் பளிச்சிடுவது பல கருவிகளில் மேற்பூச்சு மட்டுமே என்பதையும் நினைவில் கொள்க. எப்பொருளால் ஆனதாயினும் பற்களின் முனை உருண்டையாக இருக்கவேண்டும். கூர்முனை தோலைக் கீறும்.

இரண்டாம் கேள்வி பேட்டரியைப் பற்றியது. மலிவான பழைய வகைகளில் நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி இருக்கும். எட்டு மணி நேரம் சார்ஜ் செய்து முக்கால் மணி நேரம் பயன்படுத்துவது அவற்றின் இயல்பு. லித்தியம்-அயான் பேட்டரி விரைவில் நிறையும், கடைசிவரை வேகம் குறையாது. சில நூறு முறை முழுமையாகச் சார்ஜ் செய்யும் வரை அது நன்கு உழைக்கும். வாரம் ஒரு முறை சார்ஜ் செய்பவருக்கு ஆண்டுக்கு 52 முறைதான் ஆகிறது. ஆகவே பயன்பாடு மட்டும் அதனை எளிதில் கொல்வதில்லை. முற்றிலும் வடிந்த நிலையில் மாதக்கணக்கில் கிடப்பதும், வெயிலில் நிறுத்திய வாகனத்தில் வெந்து கிடப்பதும் அதனைக் கெடுக்கின்றன.

மின்கம்பியில் இணைத்தபடியே இயங்கும் கருவியாயின் பேட்டரி தளர்ந்த பிறகும் பயன்படும். நீரில் கழுவத்தக்க கருவிகள் பல, மின்னதிர்ச்சியைத் தவிர்க்கும் பொருட்டு, சார்ஜ் ஏறும்போது இயங்காதவாறு அமைக்கப்பட்டிருக்கும். எது தேவை என்பதை அவரவர் முடிவு செய்யவேண்டும். பயணம் மிகாதவருக்குப் பேட்டரியே இல்லாத, கம்பியில் இயங்கும் கருவி சிறந்த தேர்வு. முடிதிருத்தும் நிலையங்களில் ஒரே கருவி ஆண்டுக்கணக்கில் உழைப்பதைக் காண்கிறோம்; கம்பி, கழற்றத்தக்க பிளேடு, நாள்தோறும் இடும் எண்ணெய்த் துளி ஆகிய மூன்றும் அதன் இரகசியம்.

மூன்றாவது, நீர் காப்பு. 'ஐ.பி.எக்ஸ்' என்ற குறியீட்டை அடுத்து வரும் எண்ணைப் பாருங்கள். 4 என்றால் தெறிக்கும் நீரைத் தாங்கும். 5 என்றால் குழாயிலிருந்து பீய்ச்சும் நீரைத் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் மூழ்கினாலும் தாங்கும் எனச் சோதிக்கப்பட்டது என்று பொருள். மும்பையின் மழைக்கால ஈரத்திலும் கொல்கத்தாவின் புழுக்கத்திலும் வாழ்வோர் கழுவிய பின் நன்கு உலர்த்தி வைப்பது இன்றியமையாதது. நீரில் உப்பு மிகுந்த ஊர்களில் பற்களிடையே வெண்படிவு சேரும். அங்கே கழுவுவதைக் குறைத்துத் தூரிகையால் துடைப்பது நன்று.

பெட்டியின்மேல் உள்ள சொற்களை எவ்வாறு படிப்பது? 'தோலுக்கு இதமானது', 'மருத்துவர்களால் சோதிக்கப்பட்டது' என்பன யார் சோதித்தார், எதைச் சோதித்தார் என்று சொல்லாத வரை விளம்பரச் சொற்களே. சட்டப்படி அச்சிட வேண்டியவற்றில் கண்ணை வையுங்கள்: உற்பத்தியாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, நுகர்வோர் தொடர்பு எண், அதிகபட்ச சில்லறை விலை. லித்தியம் பேட்டரிகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவு உண்டு. 'ஆர்' என்ற எழுத்தோடு தொடங்கும் பதிவெண் இருந்தால், அவ்வமைவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் இட்டு உண்மையா எனச் சரிபார்க்கலாம். இணையத்தில் 'இன்னும் இரண்டே உள்ளன', 'பத்து நிமிடத்தில் சலுகை முடிகிறது' என்று பொய்யாக அவசரப்படுத்துவதை, 2023 நவம்பரில் வெளியான மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டு நெறிகள் தடைசெய்யப்பட்ட 13 தந்திரங்களுள் ஒன்றாக வகைப்படுத்தியுள்ளன. அவசரம் காட்டும் திரையை மூடிவிட்டு மறுநாள் திறந்து பார்ப்பதே நல்ல மருந்து.

இப்போது கணக்கு. எடுத்துக்காட்டாக, 700 ரூபாய்க் கருவியை ஆண்டுதோறும் மாற்றினால் ஐந்தாண்டில் 3,500 ரூபாய். 1,800 ரூபாய்க் கருவியை வாங்கி, ஐந்தாண்டில் இரு முறை 400 ரூபாய்க்குப் பிளேடு மாற்றினால் மொத்தம் 2,600 ரூபாய், ஆண்டுக்கு 520. விலை மிகுந்ததே சிறந்தது என்றும் ஆகிவிடாது. 3,000 ரூபாய்க் கருவி பழுதுபார்க்க இயலாமல் இரண்டாண்டில் நின்றுபோனால் ஆண்டுச் செலவு 1,500 ரூபாய். விலைச்சீட்டில் உள்ள எண்ணை உழைக்கும் ஆண்டுகளால் வகுத்துப் பார்ப்பதே நாம் பரிந்துரைக்கும் அளவுகோல்.

மாதக் கடைசியில் கையில் 700 ரூபாய்தான் இருக்கிறது என்பவரிடம் இக்கணக்கு எடுபடுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவரும் அதே விலையில் மாற்றுப் பிளேடு கிடைக்கும் எளிய கருவியைத் தேர்ந்தால் பாதி வெற்றி. சிறு தொகைக்குத் தவணை எடுப்பதை மட்டும் தவிர்க்குமாறு வேண்டுகிறோம். வட்டியில்லாத் தவணை என்ற பெயரில் வட்டி வேறு கட்டணங்களுள் மறைக்கப்படுவதை இந்திய ரிசர்வ் வங்கி 2013இலேயே கண்டித்தது. 1,800 ரூபாய்ப் பொருளுக்கு 199 ரூபாய் நடைமுறைக் கட்டணமும் அதன்மீது 18 விழுக்காடு வரியும் சேர்ந்தால் ஏறத்தாழ 235 ரூபாய் கூடுகிறது. மூன்று மாதம் 600 ரூபாய் ஒதுக்கிவைத்து வாங்குவது அதனினும் எளிது. கடன் கொடுப்பதைத் தொழிலாகக் கொண்ட நாமே இதைச் சொல்வது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். சிறு தவணைகளில் சிக்காத வாடிக்கையாளரே வங்கிக்கும் நல்ல வாடிக்கையாளர்.

வாங்கிய அன்றே பில்லையும் உத்தரவாத அட்டையையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெப்பத்தாளில் அச்சான பில் சில மாதங்களில் வெளிறிவிடும். திறந்த தனிநபர் பராமரிப்புப் பொருள்களைத் திரும்பப் பெறாத விற்பனையாளர் பலர். அவ்விதியை முன்கூட்டியே படியுங்கள். உத்தரவாதம் மறுக்கப்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 உள்ளது. 5 இலட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடக் கட்டணம் இல்லை. இரண்டாண்டுக்குள் முறையிட வேண்டும்.

பேணுதலும் தேர்வின் பாகமே. முடி வளரும் திசையில், அழுத்தாமல் ஓட்டுங்கள். முதன்முறை நீளமான சீப்பிலிருந்து தொடங்கிப் படிப்படியாகக் குறையுங்கள். ஒவ்வொரு முறையும் தூரிகையால் துடையுங்கள். கையேடு அனுமதித்தால் எண்ணெய் இடுங்கள். உறவாயினும் நட்பாயினும் கருவியைப் பகிராதீர்கள். தோல் தொற்றுகளும், கீறல் வழியே மஞ்சள்காமாலை பி கிருமியும் பரவ இடமுண்டு. புடைப்புகள் சீழ்பிடித்தாலோ வாரக்கணக்கில் ஆறாவிட்டாலோ கருவியை மாற்றிப் பயனில்லை. தோல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

நுகர்வோர் மட்டும் விழித்திருந்தால் போதாது என்பதும் நம் கருத்து. மத்திய நுகர்வோர் நலத்துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியது. நிறுவனங்கள் உதிரிப் பாகங்களையும் பழுதுபார்ப்பு விவரங்களையும் பொதுமக்களுக்குத் தெரிவிக்க அது வழிசெய்கிறது. அந்நோக்கம் முகச்சவரக் கருவி போன்ற சிறு பொருள்களையும் எட்டவேண்டும். மாற்றுப் பிளேடும் பேட்டரியும் எத்தனை ஆண்டு கிடைக்கும் என்று பெட்டியின்மேல் அச்சிட நிறுவனங்கள் முன்வரவேண்டும். அவ்வொரு வரி இருந்தால், ஆண்டுக்கணக்கில் விலை பார்ப்பது எவர்க்கும் கைகூடும்.

அதுவரை அந்த வரியை நாமே கேட்டுப் பெறுவோம். அடுத்த முறை கடையில் நிற்கும்போது தள்ளுபடி எவ்வளவு என்று கேட்பதற்கு முன், மாற்றுப் பிளேடு இருக்கிறதா என்று கேளுங்கள். பலர் கேட்கத் தொடங்கினால் கடைக்காரர் வைக்கத் தொடங்குவார். உழைத்து ஓய்ந்த கருவியைக் குப்பைத் தொட்டியில் எறியாதீர்கள். நசுங்கும் லித்தியம் பேட்டரி தீப்பற்றக்கூடும். மின்னணுக் கழிவு சேகரிப்பு மையத்தில் அதனை ஒப்படைப்பது, நல்ல பொருளுக்கு நாம் செய்யும் கடைசிக் கடமை.