முள்ளுக்காட்டில் நீளக் குழல் எதற்கு?

மணப்பாறையை அடுத்த அணியாப்பூர் பக்கம் வீரமலைப்பாளையம் என்று ஒரு இடம் இருக்கிறது. படைக்காரர்கள் துப்பாக்கி சுட்டுப் பழகும் தளம். பயிற்சி நாள் வந்துவிட்டால் மாவட்ட நிர்வாகத்திடமிருந்து அறிவிப்பு வரும்... இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை அந்தப் பக்கம் யாரும் நடமாட வேண்டாம், ஆடு மாடு ஓட்டிப் போக வேண்டாம் என்று. அந்தப் பக்கம் திரும்பினால் திருச்சியில் துப்பாக்கித் தொழிற்சாலை. இப்படி இரண்டுக்கும் நடுவில் வளர்ந்த பையன்களுக்குத் துப்பாக்கியைப் பற்றி ஒரு பாடம் யாரும் சொல்லித் தராமலே மனப்பாடம். குழல் நீளமாக இருந்தால் குண்டு தூரமாகப் போகும்!

ராணுவ ரைபிளுக்கு அது ஓரளவு சரி. பெயின்ட்பாலுக்குச் சரியில்லை. ஊட்டி, பெங்களூர் என்று டூர் போன இடத்தில் ஒரு தடவை ஆடிவிட்டு வந்து, சொந்தமாக மார்க்கர் வாங்கி ஊர்ப் பக்கத்துத் தோப்பில் ஆடலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் காசை விடுவது இந்த இடத்தில்தான். மார்க்கரோடு வந்த குழலைக் கழற்றிப் போட்டுவிட்டு 18 அங்குலம், 20 அங்குலம் என்று ஒரு நீளக் குழலை மாட்டிக்கொள்வார்கள். பார்க்க ஸ்னைப்பர் மாதிரி இருக்கும். அவ்வளவுதான் லாபம்.

ஏன் என்று பார்ப்போம். பெயின்ட்பால் என்பது 0.68 அங்குல விட்டமுள்ள ஒரு ஜெலட்டின் உருண்டை. உள்ளே சாய நீர். எடை சுமார் 3 கிராம். அழுத்தக் காற்றோ கார்பன் டை ஆக்சைடோ பின்னாலிருந்து தள்ள, அது வெளியே பாய்கிறது. பெரும்பாலான மைதானங்களில் வேகத்துக்கு உச்சவரம்பு விநாடிக்கு 280 முதல் 300 அடி வரை. அதற்கு மேல் போனால் ஆளை வெளியே உட்கார வைத்துவிடுவார்கள். அந்த வேகத்தை எட்டக் குழலின் முதல் 8 அங்குலமே ஏறக்குறைய போதும். அதற்குப் பிறகு வரும் நீளமெல்லாம் உராய்வு. அதை ஈடுகட்டக் கூடுதல் வாயு செலவாகும். நீளக் குழலோ குட்டைக் குழலோ, வெளியே வரும்போது வேகம் ஒன்றுதான் என்றால் போகும் தூரமும் ஒன்றுதானே?

அப்படியானால் 12, 14 அங்குலக் குழல்கள் எதற்கு? சத்தத்துக்கு. முன்பாதியில் வரிசையாகத் துளை போட்டிருப்பார்கள். மிச்சக் காற்று அந்தத் துளைகள் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுவதால் 'டப்' என்ற சத்தம் அடங்கும். காட்டில் ஆடும்போது இது பெரிய விஷயம். புதருக்குள் உட்கார்ந்திருப்பவனைக் கண் தேடுவதில்லை, காதுதான் தேடும். அதைத் தாண்டி நீளம் போனால் மணப்பாறை மாதிரி இடத்தில் தொல்லைதான். அங்கே காடு என்றால் ஊட்டிச் சோலை இல்லை. கருவேலம், சீமைக் கருவேலம், இடையில் எங்காவது தைலமரத் தோப்பு. சீமைக் கருவேலம் தரையிலிருந்தே கிளை விட்டுப் படரும். குனிந்து திரும்பினால் நீளக் குழலின் நுனி முள்ளில் மாட்டும். கிளை ஆடும். ஆடிய கிளை ஆளைக் காட்டிக் கொடுக்கும். அந்தப் புதருக்குள் 15, 20 மீட்டருக்கு அப்பால் ஆளே தெரியாது எனும்போது தூரத்துக்காகச் செலவழிப்பதில் என்ன அர்த்தம்?

சரி, காசு எதில் போக வேண்டும்? உள்விட்டத்தில். கடையில் எல்லாக் குண்டும் 0.68 என்றுதான் விற்கும். உண்மையில் கம்பெனிக்குக் கம்பெனி, பெட்டிக்குப் பெட்டி அளவு மாறும். ஜெலட்டின் ஈரத்தை உறிஞ்சி ஊதும், சூட்டில் இளகும். பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு மத்தியானம் வந்து பார்த்தால் காலையில் இருந்த குண்டு இல்லை அது. இறுக்கமான குழலில் ஊதிய குண்டு போனால் உள்ளேயே உடையும். ஒன்று உடைந்தால் போதும். குழல் முழுக்கச் சாயம், அடுத்த பத்துக் குண்டும் சொன்ன பேச்சு கேட்காது. ரொம்பத் தளர்வாக இருந்தாலும் சிக்கல். காற்று குண்டைச் சுற்றிக் கசிந்து, ஒரு தடவை 270 அடி, ஒரு தடவை 290 அடி என்று வேகம் தாறுமாறாகும். சில மார்க்கர்களில் நுனியைத் தாழ்த்தினாலே குண்டு உருண்டு கீழே விழுந்துவிடும் (நடக்கும், சிரிக்க வேண்டாம்).

இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். குழலைக் கழற்றிப் பின்பக்கமாக ஒரு குண்டைப் போட்டுப் பாருங்கள். தானாக வழுக்கி விழுந்தால் குழல் பெரிது. நின்று, ஒரு ஊது ஊதியதும் வெளியே வந்தால் சரி. எவ்வளவு ஊதியும் அசையவில்லை என்றால் இறுக்கம். வெயில் காலத்தில் நம் பக்கம் ஆடுகிறவர்கள் சந்தேகம் வந்தால் கொஞ்சம் தளர்வான பக்கமே சாயலாம். வேகம் சற்று ஏறி இறங்குவது பரவாயில்லை, உள்ளே உடைவதுதான் ஆட்டத்தைக் கெடுக்கும். ஒரே குழலுக்குள் வெவ்வேறு அளவுச் செருகு குழாய்களை மாற்றிப் போடும் செட்டுகள் கிடைக்கின்றன. ஃப்ரீக் என்ற பெயர் அதில் பிரபலம். 0.679 முதல் 0.695 வரை செருகு குழாய்கள் வந்தன. நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு செட் வாங்கினால் யார் கொண்டு வந்த குண்டுக்கும் பொருந்தும். ஒன்று மட்டும் கவனம், மரை. டிப்மேன் 98-க்கான குழல் அதே கம்பெனியின் ஏ-5 மார்க்கரில் ஏறாது. இது தெரியாமல் ஆர்டர் போட்டுவிட்டு வீட்டு அலமாரியில் வைத்திருப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

'ரைஃபிளிங்' போட்ட குழல் என்றும் விற்கிறார்கள். ரைபிள் குழலுக்குள் இருக்கும் சுருள் வரி நீளமான உலோகத் தோட்டாவைச் சுழற்றி நேராகப் போக வைக்கும். ஜெலட்டின் உருண்டை அந்த வரியைக் கவ்வாது, வழுக்கும். ஓடு சுழன்றாலும் உள்ளே இருக்கும் நீர் உடனே கூடச் சுழலாது. பெரிய பலன் இல்லை. டிப்மேனின் ஃப்ளாட்லைன் வேறு ரகம். குழலே லேசாக வளைந்திருக்கும். குண்டுக்குப் பின்சுழற்சி கொடுத்து அதிக தூரம் மிதக்க விடும். அது உண்மையாகவே வேலை செய்யும் சரக்கு, ஆனால் திறந்த வெளியில். குண்டு கொஞ்சம் இளகினாலும் அந்த வளைவுக்குள் உடைய வாய்ப்பு அதிகம். முள்ளுக்காட்டுக்கும் சித்திரை வெயிலுக்கும் ஏற்றதில்லை.

இந்த விளையாட்டு பிறந்த கதையும் இந்தக் கட்சிக்குத்தான் சாட்சி. மார்க்கர் என்ற பெயரே மரத்துக்கும் மாட்டுக்கும் தூரத்திலிருந்து சாய அடையாளம் போட அமெரிக்காவில் நெல்சன் பெயின்ட் கம்பெனி விற்ற துப்பாக்கியிலிருந்து வந்தது. (மணப்பாறைச் சந்தைக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். மாட்டுக்கு அடையாளம் போடத் துப்பாக்கியா!) அந்த நெல்ஸ்பாட் 007-ஐ வைத்துக்கொண்டு 1981 ஜூன் 27 அன்று நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் ஹெனிக்கர் காட்டில் 12 பேர் முதல் ஆட்டம் ஆடினார்கள். ஜெயித்தவர் ரிச்சி வைட். காட்டு வேலை தெரிந்தவர். எல்லாக் கொடிகளையும் எடுத்துக்கொண்டு வந்தார், ஒரு குண்டு கூடச் சுடாமல்!

நீளக் குழல் விவகாரத்தில் காசை விடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. இவ்வளவு செலவழித்தும் தூரம் போகவில்லையே என்று ஏமாந்தவன் அடுத்து கை வைப்பது வேகத் திருகில். மைதானத்தில் குரோனோகிராஃப் வைத்து அளப்பார்கள், தப்பு செய்தால் பிடிபடும். தோப்பில் நண்பர்களோடு ஆடும்போது யார் அளக்கிறார்கள்? விநாடிக்கு 300 அடி வேகத்தில் வரும் 3 கிராம் உருண்டை சுமார் 12 ஜூல் சக்தியோடு அடிக்கிறது. புதர்க் காட்டில் அந்த அடி ஐந்தாறு மீட்டரிலிருந்தே விழும். தொடையில் பட்டால் ஒரு வாரம் கறுத்துப்போகும், கண்ணில் பட்டால் கண் போச்சு. முள் குத்துகிறது, வியர்க்கிறது, ஆவி படிகிறது என்று முகமூடியைத் தூக்கிவிட்டுக்கொள்ளும் ஆட்கள் நம் வெயிலில் நிச்சயம் இருப்பார்கள்.

அதிலும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் என்றால் யாரும் திருகைத் தொடாமலே வேகம் ஏறும். 20 டிகிரியில் அந்தச் சிலிண்டருக்குள் அழுத்தம் சுமார் 57 பார். 31 டிகிரியில் 74 பாரைத் தொடும். அதற்கு மேல் சூடு ஏறினால் உள்ளே திரவமே மிஞ்சாது, அழுத்தம் இன்னும் எகிறும். காலை ஏழு மணிக்கு 280 அடி என்று சரிபார்த்த மார்க்கர், பன்னிரண்டு மணி வெயிலில் கிடந்த பிறகு எவ்வளவில் சுடும் என்பது அளந்தால்தான் தெரியும். கையடக்க குரோனோகிராஃப் ஒன்றை ஐந்தாறு பேர் சேர்ந்து வாங்குவது, ஒருவர் மட்டும் 20 அங்குலக் குழல் வாங்குவதை விட எவ்வளவோ மேல். குழல் நுனியை மூடும் துணிப்பையும் ஆளுக்கு ஒன்று கட்டாயம். ஆட்டம் முடிந்து தோப்பை விட்டு வெளியே வரும்போதுதான் கை தவறும்.

தோப்பு என்று சொன்னதும் கவனம். சொந்தக்காரரிடம் கேட்டு உள்ளே போகிற தனியார் தோப்பாக இருக்க வேண்டும். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் போவதே குற்றம். துப்பாக்கி மாதிரி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வீரமலைப்பாளையம் பக்கம் சுற்றுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மார்க்கர் வாங்குமுன் ஆயுத விதிகள் என்ன சொல்கின்றன என்று விசாரித்துக்கொள்வதும் நல்லது.

கடைசியாகச் சுத்தம். துளை போட்ட குழலில் குண்டு உடைந்தால் சாயம் துளைகளில் தங்கும், அதில் செம்மண் தூசி ஒட்டும். இழுத்துத் துடைக்கும் ரப்பர் வட்டு ஒன்று பையில் இருக்கட்டும். அவசரத்துக்குக் கருவேலங்குச்சியில் கர்ச்சீப்பைச் சுற்றி விட்டுக் குடைகிறவர்கள் உண்டு. குச்சி உள்ளே கீறல் போடும். பளபளப்பான உட்பக்கத்துக்காகக் கொடுத்த காசு அந்தக் கீறலோடு சரி.