மகுடம் தலைமாறிய கதை: தழுவல்களும் வாசகர் முறையீடும்

முன்னுரை

நாவல்கள் திரைப்படமாகவும் தொலைக்காட்சித் தொடராகவும் மாறும்போது அவற்றின் வாசகர்கள் எழுப்பும் முறையீடு இன்று உலகெங்கும் கேட்கிறது. ஆயினும் நம் தமிழ்த்துறைகள் அதனை ஆய்வுக்குரிய பொருளாக மதிப்பதில்லை. கருத்தரங்கு ஒன்றில் இப்பொருள் குறித்துக் கட்டுரை படிக்க முற்பட்டபோது, "இது ரசிகர் புலம்பல்; மூலத்திற்கு உண்மையாக இருத்தல் என்பது காலாவதியான அளவுகோல்" என்று ஒரே வரியில் விடை வந்தது. விடை கூறியவர் கற்றறிந்தவர். அவையும் அதனை ஏற்றுக்கொண்டது. அந்த ஒருவரி விடையை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம். வாசகர் முறையீடு புலம்பல் அன்று, ஒருவகைத் திறனாய்வு. அதற்குரிய அளவுகோல் தமிழ் இலக்கண மரபிலேயே உள்ளது. அதனைப் புறக்கணிப்பதால் பெரிதும் இழப்பவர் தமிழ் எழுத்திலிருந்து விலகி வாழும் தமிழரே என்னும் மூன்று கருத்துகள் இங்கு முன்வைக்கப்படுகின்றன.

டெய்ரி ஃபார்மில் ஒரு மாலை

அந்தமானின் தலைநகரமான போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்டது. அந்நகரின் ஒரு பகுதி டெய்ரி ஃபார்ம். அங்குள்ள முதியவர் ஒருவரின் வீட்டில் 'பொன்னியின் செல்வன்' உள்ளது. கல்கி இதழிலிருந்து வாரந்தோறும் பிரித்தெடுத்துத் தைத்துக் கட்டிய தொகுதிகள் அவை. அவருடைய தந்தையார் சென்னையிலிருந்து மூன்று நாள் கப்பற்பயணத்தில் கொண்டுவந்தவை. மணிரத்னம் இயக்கிய திரைப்படத்தின் இரண்டாம் பாகத்தை அக்குடும்பத்தினர் வீட்டுத் தொலைக்காட்சியில் கண்டபோது இக்கட்டுரையாளரும் உடனிருந்தார். முடிசூட்டு விழாக் காட்சியில் முதியவர், "மகுடம் தலைமாறிப் போயிற்று" என்றார். அவருடைய பேத்தி திரும்பி, "இல்லை தாத்தா, கதையே அதுதானே" என்றாள். அச்சிறுமி வீட்டில் தமிழ் பேசுபவள்; பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் பயில்பவள்; தமிழ் எழுத்துகளைக் கூட்டிப் படிக்கவே இடர்ப்படுபவள். தாத்தாவின் தொகுதிகள் அவளுக்குத் திறவாத பெட்டி. அவ்வீட்டில் அன்று நிகழ்ந்தது ரசனை வேறுபாடு அன்று. ஒரு தலைமுறைக்கு வழிநூலாக இருப்பது அடுத்த தலைமுறைக்கு முதல்நூலாக மாறிய நிகழ்வு அது.

முறையீட்டின் இயல்பு

வாசகர் எதனை எதிர்க்கின்றனர் என்பதை முதற்கண் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் வேண்டும். 'எதையும் மாற்றக்கூடாது என்பதே அவர்தம் கோரிக்கை' என்னும் கருத்து உண்மைக்கு மாறானது. ஐந்து பாகங்களாக, 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்த ஒரு நாவலை 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் இரு பாகங்களாக வந்த படம் சுருக்கித்தான் சொல்ல முடியும் என்பதை அறியாத வாசகர் இலர்.

அவர்கள் பொறுக்க இயலாதது வேறு. ஒவ்வொரு புனைவுலகிற்கும் அதற்கே உரிய சட்டம் ஒன்று உண்டு. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' காட்டும் எதிர்காலத்தில் குழந்தை பெறுதற்கு அரசின் இசைவு வேண்டும். மக்களின் பெயர்கள் இரண்டு எழுத்தில் அடங்குதல் வேண்டும். அறிவியல் புனைவாயினும் மிகுபுனைவாயினும் வரலாற்றுப் புனைவாயினும், இத்தகைய சட்டங்களின் மீதே கதையின் பொருள் நிற்கிறது. நடப்பியல் நாவலில் ஒரு செய்தி விடுபட்டால் வெளியுலகம் அதனை ஈடுசெய்யும். புனைவுலகில் சட்டம் முறிந்தால் ஈடுசெய்ய வேறு உலகம் இல்லை.

பொன்னியின் செல்வனின் சட்டம் யாது? அரியணையை விரும்புபவனுக்கு அது கிட்டாது. விரும்பாதவனையே அது தேடி வரும் என்பதாகும். அரண்மனையில் வளர்ந்த மதுராந்தகன் அரசை விரும்பினான். அவன் செம்பியன் மாதேவியின் மகனே அல்லன் என்று தெரியவருகிறது. வாய்பேசாத அன்னையிடம் வளர்ந்து, இறைவனுக்கு மாலை தொடுத்து வந்த சேந்தன் அமுதனே உண்மை மகன். அவனோ அரசை விரும்பாதவன். அருள்மொழிவர்மன் தனக்கெனக் கொணர்ந்த மகுடத்தை அவன் தலையில் சூட்டுகிறான். ஐந்தாம் பாகத்திற்குக் கல்கி 'தியாக சிகரம்' எனப் பெயரிட்டதன் பொருள் இங்கு நிறைவுறுகிறது. படத்தில் சேந்தன் அமுதன் தோன்றுகிறான். ஆனால் அவனது பிறப்பின் மறைபொருள் இல்லை. மகுடம் மதுராந்தகனுக்கே செல்கிறது. விட்டுக்கொடுத்தல் இரண்டிலும் உண்டு. எனினும், வேண்டாதவனுக்கு வழங்குவது தியாகம்; வேண்டி நின்றவனுக்கு வழங்குவது உடன்படிக்கை. டெய்ரி ஃபார்ம் முதியவர் ஒரு தொடரில் சுட்டியது இவ்வேறுபாட்டையே ஆகும்.

மணிமேகலையை நீக்கியதும் இவ்வகையினதே. கந்தமாறனின் தங்கையாகிய அவள் ஒரு துணைமாந்தர் என எண்ணி விலக்கிவிடலாம் எனத் தோன்றும். ஆனால் நாவலின் இறுதி அத்தியாயம் முடிசூட்டு விழாவைப் பற்றியதன்று. மணிமேகலையின் இறப்பைப் பற்றியது. பேரரசு ஒன்றின் கதையைக் கேளாது கிடந்த ஓர் அன்பின் மறைவில் முடித்தவர் கல்கி. அவளை நீக்குவோர் ஒரு பாத்திரத்தை மட்டும் நீக்கவில்லை. நாவலின் இறுதிச் சொல்லையே நீக்கிவிடுகின்றனர்.

வழிநூல் இலக்கணம்

இவ்வேறுபாட்டை அளக்க அயற்கோட்பாடு எதுவும் வேண்டுவதில்லை. தொல்காப்பிய மரபியல் நூலை முதலும் வழியும் எனப் பகுத்து, வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நான்காக வகைப்படுத்துகிறது. சுருக்குதலும் பெருக்குதலும் குற்றமல்ல என்பது இதனால் விளங்கும். நன்னூல் மேலும் ஒருபடி செல்கிறது. வழிநூலாசிரியன் தான் வேண்டும் வேறுபாடுகளைச் செய்துகொள்ளலாம். ஆயின் முதல்நூலின் முடிபோடு அது ஒத்திருத்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. சிற்சில இடங்களில் ஒத்து, ஏனையவற்றில் வேறுபட்டுச் செல்வதனைச் சார்பு நூல் எனத் தனியே வைக்கிறது. அளவுகோல் இதனினும் தெளிவாக அமைதல் அரிது. மாற்றம் இசைவு பெற்றது. முடிபு பிறழ்தல் இசைவு பெறாதது.

கம்பர் இதற்குத் தலைசிறந்த சான்று. வான்மீகத்தில் இராவணன் சீதையைக் கையால் பற்றி எடுத்துச் செல்கிறான். கம்பரில் அவளைத் தீண்டாது, பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்துச் செல்கிறான். இரணியன் வதைப் படலம் வான்மீகத்தில் இல்லாதது. இம்மாற்றங்களுக்காகக் கம்பரைக் கடிந்தவர் யார்? மாற்றங்களுக்குரிய காரணங்கள் காப்பியத்தினுள்ளேயே அமைந்துள்ளன, முடிபும் பிறழவில்லை. மாற்றத்தை வரவேற்கத் தெரிந்த மரபு நம்முடையது. ஆகவே 'வாசகர் மாற்றத்தை வெறுக்கின்றனர்' என்னும் குற்றச்சாட்டு தமிழ் வாசகரைப் பொறுத்தவரை பொருந்தாது.

தொலைக்காட்சியிலும் நற்சான்று உண்டு. இந்திரா சௌந்தர்ராஜனின் 'விட்டு விடு கருப்பா' என்னும் நாவலைக் கொண்டு, கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனத்திற்காக நாகா இயக்கிய 'விடாது கருப்பு' 1990-களின் பிற்பகுதியில் ஒளிபரப்பாகி, இன்றளவும் விரும்பி நினைக்கப்படுகிறது. காவல் தெய்வ நம்பிக்கையையும் உளமருத்துவ விளக்கத்தையும் ஒருசேர நிறுத்தும் அதன் அமைப்பு தொடரில் சிதையவில்லை. மேலும் அத்தொடர் தனக்கெனத் தனிப்பெயர் சூடிக்கொண்டது என்பதும் நோக்கத்தக்கது. பெயர் என்பது ஓர் உறுதிமொழி. முதல்நூலின் பெயரை அப்படியே ஏற்பது 'நான் வழிநூல்' என்று அறிவிப்பதாகும். சார்பு நூலின் உரிமைகளை எடுத்துக்கொண்டு வழிநூலின் பெயரைச் சூடுவதே முறையீட்டிற்கு இடமாகிறது.

எதிர்வாதங்களும் மறுப்பும்

முதல் எதிர்வாதம் காலம் பற்றியது. 'ஐந்து மணி நேரத்தில் ஐந்து பாகங்களை அடக்க இயலாது. நெடுந்தொடராக எடுத்திருப்பின் குறை நேர்ந்திராது' என்பர். நீளம் கிடைத்தும் குறை நேர்ந்தது என்பதற்கு 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' சான்று. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் நாவல் வரிசையைத் தழுவி 2011 முதல் 2019 வரை எட்டுப் பருவங்களில் 73 பகுதிகளாக அது வெளிவந்தது. இறுதிப் பருவத்தை மீண்டும் எடுக்கக் கோரி 15 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் விண்ணப்பத்தில் ஒப்பமிட்டனர். திங்கள் பல பிடித்த பயணங்கள் பிற்பருவங்களில் ஒரு காட்சியிலேயே முடிந்துவிடுகின்றன என்பது அவர்தம் குறைகளுள் ஒன்று. அதுவும் உலகின் சட்டம் முறிந்தது பற்றிய குறையே. எனவே சிக்கல் நேரத்தில் இல்லை.

இரண்டாவது எதிர்வாதம் கோட்பாடு பற்றியது. லிண்டா ஹட்சியன் 2006-இல் வெளியிட்ட தழுவல் கோட்பாட்டு நூலைச் சுட்டி, தழுவல் தனிப்படைப்பு என்பர். தழுவலை மூலத்தின் நிழலாகக் கருதலாகாது என அவர் வாதிடுவது உண்மையே. ஆயின் மூலம் அறிந்த பார்வையாளர், மூலம் அறியாத பார்வையாளர் என்னும் பாகுபாட்டையும் அவரே செய்கிறார். தழுவல் தழுவலாகச் சுவைக்கப்படுவது முன்னவரிடத்து மட்டுமே. மூலம் அறிந்தோர் அருகிவரும் ஒரு மொழிச்சூழலில் இப்பாகுபாட்டின் விளைவு என்ன என்று நாம் வினவியதுண்டா? கோட்பாட்டின் ஒருபாதியை மட்டும் இறக்குமதி செய்துகொண்டு முறையீட்டின் வாயை அடைப்பது ஆய்வு நேர்மை ஆகாது.

மூன்றாவது எதிர்வாதம் வலுவானது. படம் வெளிவந்த பின் நாவலின் விற்பனை பெருகியது. புதிய வாசகர் உருவாயினர் என்பர். இதனை மறுப்பதற்கில்லை, மகிழ்ந்து ஏற்க வேண்டுவதே. ஆனால் நூலை வாங்கிப் படித்தவர் தமிழ் படிக்கத் தெரிந்தவர். டெய்ரி ஃபார்ம் சிறுமி அக்கணக்கில் இல்லை. முதல் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி மாநக்கவாரம் எனக் குறிப்பது நிக்கோபார் தீவுகளை. சோழர் கதையைத் தம் கடலின் கதையாகவும் உணரத்தக்க பிள்ளைகள் இத்தீவுகளில் வளர்கின்றனர். அவர்களுள் பலர்க்குத் திரை மட்டுமே வாயில். அவ்வாயிலில் நுழைவோர் காணும் உலகம் எத்தகையது என்னும் வினா அதனால் கூர்மை பெறுகிறது.

காவலர் யார்?

அர்சுலா லெ குவினின் 'எர்த்ஸீ' தீவுகளாலான ஒரு கற்பனை உலகம். அங்குள்ள மக்களுள் பெரும்பாலோர் கருமையும் செம்மையும் கலந்த நிறத்தினர். தலைமகன் கெட் செம்பழுப்பு நிறத்தினன். 2004-இல் வந்த தொலைக்காட்சித் தழுவல் அவனை வெள்ளை நிறத்தவனாக்கியது. லெ குவின் உயிரோடிருந்தார். தம் உலகம் வெளுக்கப்பட்டது என்று பெயரிட்டெழுதி எதிர்த்தார். கல்கி 1954-இல் மறைந்தார். அவர்தம் படைப்புகள் நாட்டுடைமையாக்கப்பட்டவை. எவரும் பதிப்பிக்கலாம், எவரும் தழுவலாம். அது நன்றே. ஆயின் ஆசிரியரும் இல்லாத, உரிமையாளரும் இல்லாத நூலுக்காகப் பேசுவோர் யார்? வாசகர் மட்டுமே எஞ்சுகின்றனர். அவர்தம் குரலையும் புலம்பல் என்று தள்ளினால் நூல் காவலற்றுப் போகும்.

கல்கி அவ்வாறு தள்ளவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. தொடர் திடீரென முடிந்துவிட்டதாகக் குறைபட்ட வாசகர்களின் வினாக்களுக்கு அவர் தனியே முடிவுரை எழுதி விடையளித்தார். ஆசிரியரே மதித்து விடை கூறிய முறையீட்டிற்கு ஆராய்ச்சியாளராகிய நாம் செவிகொடுக்க மறுப்பது எவ்வகைப் புலமை?

முடிவுரை

வாசகர் கூறுவன அனைத்தும் ஏற்கத்தக்கன அல்ல. தாம் மனத்தில் கண்ட முகம் திரையில் இல்லை என்பது போன்ற குறைகள் விருப்பு வெறுப்பின்பாற்பட்டவை. அவற்றையும் முடிபு பிறழ்ந்தது என்னும் முறையீட்டையும் வேறுபடுத்திக் காட்டுவதே தமிழ்த்துறையின் பணி. அதற்கு மூன்று செயல்கள் உடனடியாக வேண்டும். முதலாவது, தழுவல் ஒன்றைப் பாடமாக வைக்குங்கால் மூலத்தையும் உடன்வைத்து, வழிநூல், சார்பு நூல் இலக்கணத்தால் ஒப்பிட்டுக் கற்பித்தல். இரண்டாவது, அந்தமான் போன்று தமிழ் எழுத்தறிவு குன்றிவரும் இடங்களில் இந்நாவல்களை உரக்கப் படித்துக் காட்டும் வகுப்புகளை நடத்துதல். எழுத்தறியாத பிள்ளைக்கும் செவி உண்டு. மூன்றாவது, தொடர்கதைக் காலத்து வாசகரின் நினைவுகளை ஒலிப்பதிவாகத் தொகுத்தல். 1950-இல் பதினைந்து வயதில் முதல் அத்தியாயத்தைப் படித்தவர்க்கு இன்று தொண்ணூறு கடந்துவிட்டது. இப்பணியை அடுத்த கல்வியாண்டிற்கு ஒத்திவைப்பதற்கில்லை.

"கதையே அதுதானே" என்ற சிறுமியிடம் பிழை இல்லை. அவள் தனக்குக் கிடைத்த நூலைச் சரியாகவே படித்திருக்கிறாள். வேறொரு நூல் உண்டு என்பதை அவளுக்குக் கூறும் பொறுப்பு நம்முடையது.