பக்கத்து வயலில் களைக்கொல்லி... பருத்தியில் பாதிப்பு!

“45 நாள் பருத்தியில் நுனி இலைகள் திடீரென்று குறுகி, விரல் விரலாக நீண்டுவிட்டன. இரண்டு முறை பூச்சிமருந்து அடித்தும் குணமில்லை. பத்து நாள்களுக்கு முன்பு பக்கத்து மக்காச்சோளத்துக்குக் களைக்கொல்லி அடித்தார்கள். அதனால் இருக்குமா? பயிரை அழித்துவிடலாமா?”

– வாசகி ஒருவர், பெரம்பலூர் மாவட்டம்.

அவசரப்பட்டு அழிக்க வேண்டாம். சொல்லியிருக்கும் அறிகுறிகள் 2,4-டி களைக்கொல்லியின் பாதிப்போடு ஒத்துப்போகின்றன.

மக்காச்சோளம் விதைத்த 20-25ஆம் நாளில், அகன்ற இலைக் களைகளுக்கு 2,4-டி தெளிப்பது வழக்கம். மக்காச்சோளம் புல் இனம் என்பதால் தாங்கிக்கொள்ளும். பருத்தியோ அகன்ற இலைப் பயிர். தெளிக்கும் அளவில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவாகக் காற்றில் வந்து பட்டாலே அதன் இலை உருமாறிவிடும். தக்காளி, திராட்சை, வெண்டை, மிளகாய், பயறு வகைகளுக்கும் இந்த ஆபத்து உண்டு.

பூச்சியா, களைக்கொல்லியா?

இலையைத் திருப்பிப் பாருங்கள். தத்துப்பூச்சி என்றால் இலையின் அடியில் பூச்சி இருக்கும்; இலை ஓரம் மஞ்சளாகிக் கீழ்நோக்கி வளைந்து, பிறகு சிவக்கும். நச்சுயிரி நோய் வயலில் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தொடங்கும். 2,4-டி பட்ட செடியில் புது இலைகள் தவளைக்கால் போலப் பிளந்திருக்கும், நரம்புகள் நெருங்கி ஓடும், காம்பு முறுக்கிக்கொள்ளும். தெளித்த வயலை ஒட்டிய வரிசைகளில் பாதிப்பு அதிகமாகவும், உள்ளே போகப்போகக் குறைவாகவும் தெரியும்.

வயல் முழுக்க ஒரே சீராகத் தெரிந்தால், பக்கத்து வயல்காரரைக் கேட்பதற்கு முன் சொந்தத் தெளிப்பானைச் சந்தேகிக்க வேண்டும். களைக்கொல்லி அடித்த தெளிப்பானைச் சரியாகக் கழுவாமல் பூச்சிமருந்து அடித்தாலும் இதே நிலைதான்.

இப்போது என்ன செய்வது?

இதற்கு மாற்று மருந்து கிடையாது. பூச்சி இல்லாதபோது பூச்சிமருந்து அடிப்பது வீண் செலவு. உருமாறிய நுனிகளை மட்டும் கிள்ளிவிட்டு, வயல் காயாமல் நீர் பாய்ச்சி, 10 லிட்டர் நீருக்கு 100 கிராம் யூரியா கலந்து இலைவழியாகத் தெளிக்கலாம். லேசான பாதிப்பு என்றால் இரண்டு, மூன்று வாரங்களில் இயல்பான இலைகள் வரும். சப்பைகள் உதிர்ந்திருந்தால் காய்ப்பு தள்ளிப்போகும். மூன்று வாரம் கழித்தும் புதுத்துளிர் கோணலாகவே வந்தால், உதவி வேளாண்மை அலுவலரை வயலுக்கு அழைத்துக் காட்டிய பிறகு முடிவெடுங்கள்.

தெளிப்பவர் கவனிக்க வேண்டியவை

• பருத்தி இருக்கும் பக்கம் காற்று வீசினால் அன்று தெளிக்கக் கூடாது. காற்றே அசையாத விடியற்காலையும் ஆபத்துதான். நுண்துளிகள் கீழே படியாமல் மிதந்து நகரும்.

• எஸ்டர் வகை 2,4-டி, வெயிலில் ஆவியாகித் தெளித்த பிறகும் பரவும். பருத்திக்கு அருகில் அதைத் தவிர்க்க வேண்டும்.

• பனிபோலத் தூவும் விசைத்தெளிப்பான் வேண்டாம். கைத்தெளிப்பானில் விசிறி நாசில் பொருத்தி, தாழ்வாகப் பிடித்து, குறைந்த அழுத்தத்தில் தெளிக்க வேண்டும்.

• வரப்பை ஒட்டிய சில வரிசைகளுக்குக் கைக்களை எடுத்துக்கொள்ளலாம்.

• களைக்கொல்லிக்கென்று தனித் தெளிப்பான் வைத்துக்கொள்வது நல்லது.

தவிர்த்திருக்கக்கூடிய இழப்புகளுக்குப் பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் இடமில்லை. ஆக, நட்டம் முழுவதும் பருத்திக்காரர் தலையில்தான் விழும். பக்கத்து வயல்காரரிடம் சண்டைக்குப் போகாமல், பாதித்த வரிசைகளை நேரில் காட்டிப் பேசுங்கள். தன் மருந்து வரப்பைத் தாண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அடுத்த முறை மருந்து அடிப்பதற்கு முதல் நாள் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள். காற்று எந்தப் பக்கம் என்று இருவரும் சேர்ந்தே பார்த்துக்கொள்ளலாம்.