பொன் அன்று, படலம்

இந்தியச் செயற்கைக்கோள்களின் பொன்னிறப் போர்வையைத் தங்கம் என்றே பலரும் நம்புகின்றனர். அது பின்புறம் அலுமினியம் பூசிய பாலிஇமைடு படலம். பொன்னிறம் அந்தப் பாலிமருக்கே உரியது.

வெயிலில் கிடந்த நெகிழி வாளி நொறுங்குவதை அறியாத வீடில்லை. புறஊதாக் கதிர் மூலக்கூறுச் சங்கிலிகளை அறுப்பதே முதன்மைக் காரணம். வளிமண்டலக் காப்பற்ற விண்வெளியில் அத்தாக்குதல் இன்னும் கடுமையானது.

1990இல் ஏவப்பட்ட ஹபிள் தொலைநோக்கியின் டெஃப்லான் போர்வை 1997இல் விரிசல் விட்டிருந்தது. புறஊதாக் கதிர் மட்டுமன்று. எலக்ட்ரான், புரோட்டான், மாறி மாறி வந்த வெப்பமும் குளிரும் சேர்ந்தே அதை நலிவித்தன. விளக்கொன்றின் கீழ் நடத்தும் ஆய்வகச் சோதனை இக்கூட்டு விளைவைக் காட்டாது.

ஆகவே, 2035ஆம் ஆண்டுக்குள் அமைக்கத் திட்டமிடப்பட்டுள்ள இந்திய விண்வெளி நிலையத்தின் வெளிப்புறத்தில் படல மாதிரிகளுக்கு இடம் ஒதுக்கி, அவற்றை மீட்டு ஆராய வேண்டும். விண்கலத்தின் ஆயுள் அதன் மெல்லிய தோலையும் பொறுத்தது.