உங்கள் முப்பாட்டனாரின் பெயர் தெரியுமா?

 

சென்ற மாதம் மத்ரஸாவில் மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்டேன். "வாப்பாவுடைய வாப்பா பெயர் என்ன?" எல்லோரும் கை உயர்த்தினர். "அவருடைய வாப்பா?" பாதிக் கைகள் இறங்கின. "அவருக்கும் வாப்பா?" ஒரு கைகூட இல்லை. ஒரு சிறுவன் எழுந்து, "ஹஸரத், உங்களுக்குத் தெரியுமா?" என்றான். எனக்கும் தெரியவில்லை. வெட்கித்துப் போனேன்.

1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எங்கள் குடும்பமும் தண்ணீரூற்றை விட்டுப் புத்தளம் போய்ச் சேர்ந்தது. அப்போது எனக்குப் பத்து வயது. வாப்பாவின் தகரப் பெட்டி வீட்டிலேயே நின்றுவிட்டது. காணி உறுதி, நிக்காஹ் பத்திரம், பிள்ளைகள் பிறந்த நாள் குறித்த கொப்பி எல்லாம் அதற்குள். 2009இல் யுத்தம் முடிந்து ஊர் திரும்பியபோது வீடும் இல்லை, பெட்டியும் இல்லை. வாப்பாவும் மௌத்தாகிவிட்டார். காணி விடயமாகப் போன இடத்தில் பாட்டனாரின் முழுப்பெயரைக் கேட்டார்கள். எனக்குத் தெரிந்ததோ இரண்டு முதலெழுத்து மட்டுமே!

கனடாவின் கியூபெக் மாகாணத்திலே பிரெஞ்சு மொழி பேசும் மக்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர், பதினேழாம் நூற்றாண்டில் பிரான்ஸிலிருந்து கப்பலேறி வந்த மூதாதை வரை, பெயர் பெயராகச் சொல்லக்கூடியவர்கள். எப்படி? 1666இல் ஜான் தலோன் என்ற அதிகாரி அங்கே குடிசன மதிப்பு எடுத்தார். 3,215 குடியேறிகளின் விபரம் பதிவாயிற்று. தேவாலயங்களில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் யாவும் எழுதப்பட்டன. திருமணப் பதிவில் மணமக்களின் பெற்றோர் பெயரும் இருக்கும். பெண்கள் தம் தகப்பன்வழிப் பெயராலேயே பதிவானார்கள். 1679 முதல் இரண்டு பிரதி எழுதி, ஒன்றைத் தேவாலயத்திலும் மற்றதை நீதிமன்றத்திலும் வைத்தனர். ஒன்று எரிந்தாலும் மற்றது மிஞ்சும் அல்லவா? 1763இல் நாடு ஆங்கிலேயர் கைக்கு மாறிய பிறகும் பதிவு நின்றுவிடவில்லை.

நம் நாட்டிலும் ஒல்லாந்தர் தோம்பு எழுதினார்கள். ஆட்களுக்கு ஒரு தோம்பு, காணிக்கு ஒரு தோம்பு. இன்றும் அவை கொழும்பில் தேசிய சுவடிகள் காப்பகத்தில் உள்ளன. ஆனால் அவர்கள் எழுதியது வரிக்காகவும் ஊழியத்துக்காகவும். சோனகரை அவர்கள் வந்தேறிகளாகவே கணக்கிட்டனர். நம் திருமணங்களைப் பதிவதற்கென்று ஆங்கிலேயர் சட்டம் இயற்றியது 1886இல்தான். அதற்கு முந்திய நம் வரலாறு பெரும்பாலும் மூத்தவர்களின் நாவிலேயே இருந்தது. தலைமுறைக்கு ஒரு முதலெழுத்து மாறும் நமது வழக்கத்தில், நாவு ஓய்ந்தால் நூல் அறுந்தது.

உறவைச் சேர்த்து நடப்பதற்காக வம்சத்தை அறிந்துகொள்ளுங்கள் என்பது நபிகளார் (ஸல்) காட்டித் தந்த வழி. குலப்பெருமை பேசுவதற்காக அல்ல. தெரியாத உறவுக்கு ஸலாம் சொல்வது யார்? வாரிசுப் பங்கு கொடுப்பது யார்?

ஆகவே இன்றே ஒரு கொப்பி வாங்குங்கள். முதலெழுத்து வேண்டாம், முழுப்பெயரை எழுதுங்கள். ஆண்களை மட்டும் எழுதிப் பெண்களை விட்டுவிடாதீர்கள். பட்டப்பெயர், பிறந்த ஊர், அடக்கம் செய்த மையவாடி எல்லாம் சேருங்கள். வயது போனவர்களை முதலில் கேளுங்கள். கந்தோர் நாளைக்கும் திறக்கும், அவர்கள் நாளைக்கு இருப்பார்களா என்பது அல்லாஹ்வுக்கே தெரியும்.

அந்த மாணவன் கேட்ட கேள்வியோடு புத்தளத்தில் இருக்கும் என் பெரியும்மாவிடம் போனேன். கண் தெரியாத அவர், விரல் மடித்து ஆறு பெயர் சொன்னார். இரண்டு கொப்பிகளில் எழுதினேன். ஒன்று இப்போது தண்ணீரூற்றில் இருக்கிறது, மற்றது புத்தளத்தில்.